பத்து இருந்தால் ஜெனரேட்டர்

“ஏழை வச்சுக்கிட்டு எப்படிம்மா ஜெனரேட்டர் லைன் கேக்கீக?”

“ஏழுங்கிறது அம்புட்டு மோசம் இல்லை சார். என் வயசுக்கு, நான் இருக்கிற துறைக்கு...”

“வயசை நான் கேக்கவே இல்லையே. லேடீஸ்கிட்ட வயசு கேக்கக்கூடாதுனு எனக்குத் தெரியாதா? நான் கேட்டது எச். சிவில்ல மணிமுத்து சாரைப் பாருங்க. பதினாலு. அவரு ரூமுல ஒரு டேபிள் ஃபேனைத் தவிர ஒண்ணும் கிடையாது. ஆனாலும் லைன் இழுத்துக் குடுத்திருக்கோம்.”

“டேபிள் ஃபேனுக்கு எதுக்கு சார் ஜெனரேட்டர்?”

“மரியாதைக்கு.”

இந்தப் பதிலைச் சொன்னவர் மகேஷ்குமார், பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தாக்க இயக்குநர். அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் சிவகாசியில் குடும்பத்து அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் பிடிக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே வேலைதான் என்று யாரிடமும் ஒளிக்காமல் சொல்வார். எதிரே நின்றவள் டாக்டர் மாரிசெல்வி, நோயெதிர்ப்பியல் துறையின் துணைப் பேராசிரியர். துறையில் வேறு யாரும் இல்லாததால் துறைத் தலைவரும் அவள்தான். துறைத் தலைவர் அனுப்பும் சுற்றறிக்கைகளைப் படிக்க வேண்டியவளும் அவள்தான்.

எச் என்பது ஆராய்ச்சியாளர்களுக்கு உலகம் போடும் மார்க்கு. ஒருவர் எழுதிய கட்டுரைகளில் ஏழு கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது ஏழு தடவையாவது, பிறர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எச் ஏழு. மற்ற ஊர்களில் இந்த எண்ணைப் பார்த்துப் பதவி உயர்வு தருவார்கள், பரிசு தருவார்கள். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் இருக்கும் சங்கரபாண்டியன் உலகளாவிய ஆய்வு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இந்த எண்ணைப் பார்த்து மின்சாரம் தந்தார்கள். பத்தும் அதற்கு மேலும் என்றால் ஜெனரேட்டர் லைன் உண்டு. பத்துக்குக் கீழே என்றால் வெளிச்சத்துக்கு சன்னலைத் திறந்துகொள்ள வேண்டியது.

அந்த இடம் முதலில் பட்டாசுக் குடோனுக்காக வாங்கியது. பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, ஆபத்து என்று குடோனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது.

சன்னல் திறந்தால் மாரிசெல்விக்குப் போதும். அவளுடைய ஃப்ரீசருக்குப் போதாது. மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்திருக்க வேண்டிய ரத்தம் அதில் இருந்தது. விஸ்வநத்தத்திலும் வெம்பக்கோட்டையிலும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் ரத்தம். வேலைக்குச் சேரும் முன்பு ஒரு தடவை, சேர்ந்தபின் வருசத்துக்கு ஒரு தடவை என்று வீடு வீடாகப் போய் எடுத்தது. பின்னால் எடுத்ததைக் கொட்டிவிட்டால்கூட மறுபடி எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை எடுத்தது போனால் போனதுதான். தூசி படாத உடம்பு திரும்பி வராது.

கம்பெனிகள் வருசா வருசம் முகாம் வைத்து மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்டன. போட்டும் சிலருக்குக் காமாலை வந்தது. “ஊசி ஒட்ட மாட்டேங்குதுத்தா” என்று விஸ்வநத்தத்துப் பெண்கள் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மாரிசெல்வி வடக்கே நல்ல வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தாள். ஒருதரம் பார்த்த கிருமியின் முகத்தை மறக்காமல் வைத்திருக்கும் செல்கள் நம் ரத்தத்தில் உண்டு. நினைவு செல்கள் என்பார்கள். பட்டாசு மருந்துத் தூசியை மூச்சில் இழுக்க இழுக்க அந்த நினைவு அழிகிறதோ என்பது அவளுடைய சந்தேகம். சந்தேகம் உறுதியாக இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதுவரை ரத்தம் உறைந்திருக்க வேண்டும்.

மின்வாரியமோ மாதம் ஒரு நாள், பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்டை நிறுத்தும். போன தடவை மாரிசெல்வி மதுரைக்கு ஓடி டிரை ஐஸ் வாங்கி வந்து ஃப்ரீசருக்குள் அடுக்கி, அதன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கதவு தன்னால் திறந்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்திருந்தாள். மதுரையில் ஓர் ஆய்வகத்தில் ரத்தத்தை வைக்க இடம் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் எச் பன்னிரண்டு கேட்டார்கள்.

வீட்டில் அம்மா பாண்டிலட்சுமிக்கு இந்த விவகாரம் வேறு மாதிரி புரிந்திருந்தது.

“ஏத்தா, ஸ்டேஷன் பத்தலைனு சொல்லுதாகளாமே?”

“ஸ்டேஷன் இல்லம்மா. சைட்டேஷன். என் பேரை வெளியூர்ல எத்தனை பேரு எழுதியிருக்காகனு எண்ணுவாக.”

“நம்ம வம்சத்துல யாரு பேரும் ஸ்டேஷன்ல ஏறுனதில்ல. ஒங்க அய்யா வெடி விபத்துல சாட்சி சொல்லக் கூப்பிட்டப்பகூடப் போகல. நீ படிச்ச பிள்ள, ஒம் பேரு ஏறலையேனு அழுதுகிட்டு இருக்க.”

*

அந்த மாதம் வேந்தர் சங்கரபாண்டியன் ‘சரத் திட்டம்’ தொடங்கி வைத்தார். பட்டாசு, அச்சு, லாரி என்று எல்லாத் தொழிலிலும் முதல் வரிசையில் இருந்தவர். தேசியத் தரவரிசையில் தம் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லாததைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டிருந்தார். அவரை வேந்தர் ஐயா என்றுதான் அழைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. அவருக்குப் பழகியது அண்ணாச்சி. அதனால் வேந்தர் ஐயா என்று கூப்பிட்டால் பல சமயம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

“நான் எட்டாங் கிளாசு,” என்று மேடையில் ஆரம்பித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். “ஆனா எனக்கு ஒண்ணு தெரியும். ஒத்தை வெடி வெடிச்சா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். அதையே திரியில கோத்துச் சரமாப் போடுங்க, தெருவே காதைப் பொத்தும். நீங்க அம்புட்டுப் பேரும் ஒத்தை வெடியாக் கிடக்கீக. ஒருத்தரு கட்டுரையில அடுத்தவரு பேரைப் போடுங்க. அவரு அவருக்கு அடுத்தவரு பேரைப் போடட்டும். சரவெடி கட்டக்கூடாதுனு கோர்ட்டு சொல்லிருச்சு. சரக் கட்டுரை எழுதக்கூடாதுனு இதுவரைக்கும் எந்தக் கோர்ட்டும் சொல்லல.”

கைதட்டல் அடங்கக் காத்திருந்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்.

“உள்ள என்ன எழுதியிருக்குனு கேக்கான் பாருங்க, அவனுக்குத் தொழில் தெரியாது. சரத்து மேல பத்தாயிரம்னு லேபிள் ஒட்டுதோம். எவனாவது நின்னு எண்ணியிருக்கானா? எண்ண முடியாதுங்க. புகையில கண்ணு தெரியாது.”

அடுத்த வாரமே சரம் கட்டும் வேலை தொடங்கியது. யார் பெயரை யார் போட வேண்டும் என்பதை மகேஷ்குமார் கையால் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார். அதில் பாரபட்சம் இருக்கக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். மாரிசெல்விக்கு மெக்கானிக்கல் துறையின் இசக்கிப்பாண்டி விழுந்தார்.

கேன்டீனில் டீ கிளாசோடு வந்து எதிரே உட்கார்ந்தார் இசக்கிப்பாண்டி.

“மேடம், ஒங்க நினைவு செல்லை என் பிரேக் ஷூவுக்குள்ள வச்சுட்டேன்.”

“எதுக்குள்ள?”

“டிராக்டர் பிரேக் ஷூ தேய்மானம்னு ஒரு கட்டுரை. ‘உடம்பு கிருமியைத் தாங்குவதுபோல பிரேக் ஷூவும் உராய்வைத் தாங்குகிறது’னு ஒரு வரி போட்டு, பக்கத்துல ஒங்க பேரு. பயப்படாதீக, ஒங்க செல்லுக்கு வலிக்காது. நீங்க என் பிரேக்கை எங்கன வைக்கப் போறீக?”

“நான் நுரையீரலைப் பத்தி எழுதுறேன் சார்.”

“மூச்சு விடும்போது நுரையீரலும் தேயத்தான செய்யும்? தேய்மானம்னு வந்தா என்னை மறந்துராதீக.”

அவள் மறந்துவிடத்தான் நினைத்தாள். வடக்கே அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர், படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டுவதும் பார்க்காத நோயாளிக்கு மருந்து எழுதுவதும் ஒன்று என்று அவளுக்குச் சொல்லியிருந்தார். அவருக்கு மின்தடை கிடையாது. மாரிசெல்வி நான்கு நாள் எழுதாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் செய்தித்தாளில் அடுத்த மின்தடைத் தேதி வந்தது. அன்றைக்கே நுரையீரலுக்குள் பிரேக் ஷூவை வைத்தாள். வைத்த வரியைப் பலமுறை திருத்தி, கூடியவரை யாருக்கும் புரியாதபடி எழுதிவைத்தாள்.

சரம் வேலை செய்தது. கான்கிரீட் விரிசலில் அவள் பெயர் வந்தது, கோழித்தீவனத்தில் வந்தது, ஆங்கிலத் துறையின் ‘காதல் கவிதைகளில் காய்ச்சல்’ என்ற கட்டுரையில் இரண்டு தடவை வந்தது. எச் எட்டாகி, ஒன்பதாகி, அங்கேயே நின்றுவிட்டது. எத்தனை பேர் பெயரைப் போட்டாலும் அசையவில்லை. காரணத்தை மகேஷ்குமார்தான் கண்டுபிடித்தார்.

“மேடம், நீங்க எழுதுனதே மொத்தம் ஒம்பது கட்டுரை. பத்து வேணும்னா பத்துக் கட்டுரை வேணும்ல? கைவசம் என்ன இருக்கு?”

“அந்த ரத்த ஆராய்ச்சி ஒண்ணுதான் சார். அது இன்னும் முடியல. ஒரு சோதனை பாக்கி.”

“முடிஞ்ச வரைக்கும் போடுங்க.”

“ஒரே கட்டுரையாத்தான் போடணும். முன்னாடி ரத்தத்தையும் பின்னாடி ரத்தத்தையும் சேர்த்துப் பாத்தாத்தான் அர்த்தம்.”

மகேஷ்குமார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஆட்டுக்கறிக் கடையில முழு ஆட்டையா விக்கான்? தலை தனி, காலு தனி, ஈரல் தனி. ஒங்க ஆராய்ச்சியில ஈரலே எம்புட்டு இருக்கு! பன்னெண்டாப் போடலாம். லைனுக்கு நான் பொறுப்பு.”

அவள் பன்னிரண்டாக வெட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு துண்டிலும் இருந்தது உண்மைதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். துண்டு சின்னதானால் உண்மை பொய்யாகிவிடுமா என்று கேட்டுக்கொண்டாள். பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. பல்கலைக்கழக விதிப்படி எந்தக் கட்டுரையும் வேந்தர் படித்துப் பார்க்கத் தோதாக முதலில் தமிழில் எழுதப்பட்டு, வேந்தரின் அச்சகத்தில் பிழை திருத்தப்பட்டு, அதன்பிறகு கம்ப்யூட்டரில் ஆங்கிலமாகி வெளியூர் போகும். அனுப்புவது, திரும்பி வருவதைச் சரிபார்ப்பது எல்லாம் இயக்குநர் அலுவலகத்தின் பொறுப்பு. விஞ்ஞானிகளின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

*

கட்டுரைகள் வெளிவந்த சில வாரங்களில் மாரிசெல்வியின் எச் பத்தைத் தாண்டியது. எலக்ட்ரீசியன் வந்து ஃப்ரீசருக்கு லைன் இழுத்தார். போகும்போது “வாழ்த்துகள் மேடம்” என்றார். எண் அதோடு நிற்கவில்லை. பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. டென்மார்க்கில், பிரேசிலில், கொரியாவில் அவள் பெயரைப் போட்டார்கள். ஒரு பகல் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விஸ்வநத்தத்து ரத்தத்தைப் பற்றிக் கோபன்ஹேகனில் ஒருவர் யோசிக்கிறார் என்று நினைத்து, பஸ்ஸில் தன்னால் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம்தான் அந்தக் கோபன்ஹேகன்காரரின் கட்டுரையைத் திறந்து படித்தாள். ‘மாரிசெல்வி குழுவினரின் நம்ப முடியாத கூற்றுக்கு நேர்மாறாக’ என்று அது தொடங்கியது. பிரேசில்காரர் அவ்வளவு மரியாதையாக எழுதவில்லை. கொரியாக்காரர் ‘இந்தத் தவறு எப்படி நடந்திருக்கக்கூடும்’ என்பதற்கே ஒரு தனிக் கட்டுரை எழுதியிருந்தார்.

அவள் தன் கட்டுரையைத் திறந்தாள். அட்டவணைகள் அவள் கொடுத்தபடியே இருந்தன. எண்கள் வருசத்துக்கு வருசம் இறங்கின. கீழே எழுத்தில், பட்டாசுத் தொழிலாளர் உடலில் நினைவு செல்கள் நிறைந்து காணப்படுகின்றன என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அழகான ஆங்கிலம். பன்னிரண்டிலும் அப்படியே.

அச்சகத்தில் பிழை திருத்துபவர் பலவேசம். காலண்டருக்கும் பட்டாசு லேபிளுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பிழை பார்த்தே தலை நரைத்தவர். மாரிசெல்வி தாள்களை அவர் முன்னால் போட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“நான் திருத்துனதுதான் தாயி. ஏன், எழுத்துப் பிழை எதுவும் நின்னுபோச்சா?”

“நான் நினைவு செல்கள் இல்லைனுல்ல எழுதியிருந்தேன்! குறைஞ்சு போச்சு, தீர்ந்து போச்சு, அழிஞ்சு போச்சுனுல்ல எழுதியிருந்தேன்!”

“ஆமா. பாத்து எனக்குப் பதறிப்போச்சு. முதலாளி பேரு போட்ட தாளு. தொழில் நடக்கிற எடத்துல இல்லை, தீந்துச்சுனு அச்சடிக்கலாமா? படிச்ச பிள்ள தெரியாம எழுதிருச்சேனு மாத்துனேன். வீட்டுல சீனி தீந்துட்டா என்ன சொல்வோம்? நிறைஞ்சிருச்சும்போம். கடையில மல்லி இல்லைன்னா என்ன சொல்வாக? நிறைஞ்சிருச்சும்பாக. அதைத்தான் அங்கங்க போட்டேன். அர்த்தம் மாறலையே?”

மாறவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. விருதுநகர் பஜாரில் ஏதாவது மளிகைக் கடையில் நின்று அந்தத் தமிழ்த் தாளை வாசித்தால், நினைவு செல்கள் அறவே இல்லை என்பது பச்சைப் பிள்ளைக்கும் புரியும். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்லும் ஊர் அது. கம்ப்யூட்டர் அந்த ஊரில் வளரவில்லை.

“இங்கிலீசுக்கு மாத்துனது நான் இல்ல தாயி,” என்றார் பலவேசம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. “அது மிசினு. அதுக்கு மங்கலம் அமங்கலம் தெரியுமா?”

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் பஸ் ஏறி வந்தாள். அவர் டீ சொல்லி அனுப்பினார். குடித்துவிட்டுத் திரும்பினாள்.

*

“கட்டுரைகளைத் திரும்பப் பெறணும் ஐயா. பன்னெண்டையும்.”

வேந்தர் தன் அறையில் காலண்டர் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகேஷ்குமார் நின்றார்.

“ஏம்மா, எவனும் சீண்டலையா?”

“சீண்டுறாங்க ஐயா. உலகம் பூரா திட்டுறாங்க.”

“எம்புட்டுப் பேரு?”

“நானூறுக்கு மேல இருக்கும்.”

“நானூறா!” வேந்தர் கையிலிருந்த முருகன் படத்தைக் கீழே வைத்தார். “ஏலே மகேசு, நானூறு பேரு திட்டுதானாம். இத ஏம்லே எங்கிட்டச் சொல்லல?”

“விழாவுல சொல்லலாம்னு இருந்தேன் மாமா. மேடம், நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். எண்ணுறது கம்ப்யூட்டரு. அதுக்குத் திட்டும் பாராட்டும் ஒண்ணுதான். பேரு வந்துச்சா, அம்புட்டுத்தான். சொல்லப்போனா திட்டுறவன்தான் பேரைத் திரும்பத் திரும்பப் போடுவான். பாராட்டுறவன் ஒரு தடவை போட்டுட்டுப் போயிருவான்.”

“ஆனா சொன்னது பொய்யாச்சே ஐயா! செல்கள் அங்கே இல்லை. அட்டவணையைப் பாருங்க, நீங்களே...”

“அட்டவணையை எவம்மா பாக்கான்,” என்றார் வேந்தர், ஒரு குழந்தையைத் தேற்றுவதுபோல. “நான் அம்பது வருசம் லேபிள் ஒட்டுனவன். பெட்டி மேல மயில் போட்டிருப்போம். உள்ள மயிலா இருக்கும்? ஒங்க ஆராய்ச்சியால ஊருக்கு எம்புட்டு நல்லது நடந்திருக்குனு ஒங்களுக்கே தெரியல. பட்டாசு முதலாளிக சங்கத்துல வச்சுப் படிச்சோம். நம்ம பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி நிறைஞ்சு கிடக்குனு உலகமே எழுதுது. அப்புறம் எதுக்கு வருசா வருசம் அதுகளுக்கு ஊசி போட்டு, வலிக்கவச்சு? இந்த வருசம் முகாம் கிடையாதுன்னு முடிவு பண்ணியாச்சு. அதுகளுக்கும் சந்தோசம்.”

மாரிசெல்வி மேசைக்குக் கிட்டே வந்தாள்.

“முகாமை நிறுத்தக்கூடாது ஐயா. அவுகளுக்கு இப்பப் போடுறதே பத்தாது. நான் இன்னைக்கே எழுதிப் போடுறேன். கட்டுரை தப்புனு.”

“தாராளமாப் போடுங்க,” என்றார் மகேஷ்குமார். அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. கணக்கு மட்டும்தான் இருந்தது. “பன்னெண்டும் போனா ஒங்களுக்கு மிச்சம் ஒம்பது. ஒம்பதுக்கு லைன் கிடையாது. விதியை நான் மீற முடியாதுல்ல? வர்ற வியாழக்கிழமை பவர் கட்டு. அன்னைக்குத்தான் ஒங்களுக்குப் பாராட்டு விழாவும் வச்சிருக்கோம். பாராட்டு வாங்கிட்டு வந்து கட்டுரை தப்புனு எழுதுறீகளா, எழுதிட்டு வந்து பாராட்டு வாங்குறீகளானு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க. எழுதுனா மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க, எலக்ட்ரீசியனை அனுப்பணும்.”

அவள் தன் அறைக்கு வந்து ஃப்ரீசரின் கதவில் கையை வைத்து நின்றாள். கட்டுரை பொய் என்று சொன்னால், பொய் என்று நிரூபிக்கும் ரத்தம் கெட்டுப்போகும். ரத்தத்தைக் காப்பாற்றினால், பொய் உண்மையாக நடமாடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர்தான் வந்தது. பாக்கி இருக்கும் சோதனையை முடிக்க ரசாயனத்துக்கு எழுதிப்போட்டு மாதக்கணக்காகிறது. கொள்முதல் பிரிவில் ஆர்டரை வரிசைப்படுத்துவதும் எச்-படிதான். அவள் எண் பதினெட்டு ஆனபிறகு அவளுடைய ஆர்டர் வேகமாக மேலே வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு மாதம் இந்தப் பொய் இருந்தால் போதும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்தது தான்தானா என்று அடுத்த கணம் திடுக்கிட்டாள்.

*

வியாழக்கிழமை ஊரில் கரண்ட் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அது விழா மண்டபத்தின் ஏசிக்கும், மணிமுத்து சாரின் டேபிள் ஃபேனுக்கும், மாரிசெல்வியின் ஃப்ரீசருக்கும் ஓடியது.

மண்டபம் நிறைய வேண்டும் என்பதற்காகக் கம்பெனி வேன்களில் தொழிலாளர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஏசிக் குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையில் டிபன் பொட்டலத்தோடு இருந்தார்கள். அதில் பாதி முகங்கள் மாரிசெல்விக்குத் தெரியும். பாதிப் பேரின் முழங்கை நரம்புகூடத் தெரியும். மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு பேனர்: ‘எம் தொழிலாளர் உடலில் எதிர்ப்புச் சக்தி நிறைந்துள்ளது. உலக விஞ்ஞானிகள் நானூறு பேர் எழுதுகிறார்கள்!’

“நானூறு பேரு எழுதுதான்,” என்று வேந்தர் பேசினார். “நம்ம பிள்ள எழுதுனதுக்கு, வெள்ளைக்காரன் வேலையை விட்டுட்டு ஒக்காந்து பதில் எழுதுதான். இதுக்கு மேல ஒரு யுனிவர்சிட்டிக்கு என்ன பெருமை வேணும்? என்ன எழுதுதான்னு என்னைக் கேக்காதீக. எனக்கு இங்கிலீசு தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் இந்த நெலமைக்கு வந்திருக்க மாட்டேன்.”

கைதட்டல் ஓய்ந்ததும் மாரிசெல்விக்கு ‘மேற்கோள் மாமணி’ பட்டம் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மகேஷ்குமார் மைக்கை அவள் கையில் கொடுத்து, “ரெண்டு வார்த்தை போதும் மேடம். நன்றி, வணக்கம்” என்று காதில் சொன்னார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். விஸ்வநத்தம் சண்முகத்தாய். மாரிசெல்வி வீட்டுக்கு அடுத்த தெரு. மாரிசெல்வி சின்ன வயசிலிருந்து அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். ரத்தம் எடுக்கப் போன முதல் நாள் “எடுத்துக்கத்தா, ஆனா என்னனு மொதல்ல எங்ககிட்டத்தான் சொல்லணும்” என்று கையை நீட்டியவள்.

“ஏத்தா மாரி, ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

“கேள்வி நேரம் கிடையாதும்மா. உக்காருங்க,” என்றார் மகேஷ்குமார்.

“கேக்கட்டும்லே,” என்றார் வேந்தர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. “நம்ம பிள்ளைக. தாயி, சத்தமாக் கேளு.”

சண்முகத்தாய் பேனரைக் காட்டினாள்.

“நிறைஞ்சிருக்குனு போட்டிருக்கு. அது இங்கன இருக்கிற பல பேருக்கு வெளங்கல. நேத்து எங்க வீட்டுல அரிசி டப்பாவைத் தட்டிப் பாத்துட்டு, நிறைஞ்சிருச்சு, கடைக்குப் போயிட்டு வானு எம் மகளை அனுப்புனேன். இங்கனயும் அந்த மாதிரிதான் நிறைஞ்சிருக்கோ?”

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. வேந்தரும் சிரித்தார். பிறகு அவருக்கு மெல்லப் புரிந்தது. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. மகேஷ்குமார் மேடையின் ஓரத்தில் நின்ற எலக்ட்ரீசியனைப் பார்த்தார். எலக்ட்ரீசியன் மாரிசெல்வியைப் பார்த்தார்.

“இந்த வருசம் ஊசி கிடையாதுன்னுட்டாக,” என்றாள் சண்முகத்தாய். சிரிப்பு அடங்கியிருந்தது. “வலிக்காதுன்னா எனக்கும் சந்தோசந்தான். ஆனா வர்ற மாசம் எம் மக பானுப்பிரியாவ பட்டாசு மருந்து கலக்குற ரூமுக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்காக. அனுப்பவா வேண்டாமானு எனக்குத் தெரியணும். அவ ரத்தத்தையும் நீதான் எடுத்திருக்க.”

மாரிசெல்வி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

“நீ பெருசா ஒண்ணும் வெளக்க வேண்டாம் தாயி. இவுக சொல்லுத நிறைஞ்சதா, நம்ம வீட்டு நிறைஞ்சதா, எதுனு மட்டும் சொல்லிரு.”